அப்பாவுக்குப் புகைக்க ஓர் இடம்

இணையத்தில் ஓர் உணவகத்துக்கு யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘மாடியில் ஒரே சிகரெட் நாற்றம், குடும்பத்தோடு போகாதீர்கள்’ என்று எழுதியிருந்தால் மற்றவர்கள் அடுத்த கடையைத் தேடிப் போய்விடுவார்கள். நான் அங்கேயே நின்றுவிடுவேன். எனக்கு வேண்டிய இடம் அதுதான். ஐந்து நட்சத்திரம் போட்டுப் புட்டையும் கடலைக்கறியையும் புகழ்கிறவர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்களைத்தான் நம்புவேன்.

நான் புகைப்பதில்லை. அப்பா புகைப்பார். சங்கரன்கோவிலில் எங்கள் பம்புசெட்டு கடையில் இருக்கும்வரை அது பிரச்சினையே இல்லை. கடைக்குப் பின்னால் சரக்கு இறக்குகிற சந்து. மத்தியானம் சாப்பிட்டதும் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு பீடி. ஊரில் பீடி, வெளியூரில் சிகரெட். அது அவர் ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளும் மரியாதை. ஆனால் எங்கே போனாலும் உட்கார்ந்துதான் புகைப்பார். “நின்னுக்கிட்டே குடிக்கதுக்கு நான் என்ன பஸ்ஸுக்கா நிக்கேன்?” என்பார். சோறும், சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்து ஒரு புகையும் சேர்ந்ததுதான் அவருக்கு ஒரு சாப்பாடு. இரண்டாவது கிடைக்காவிட்டால் பாதி இலையில் எழுப்பிவிட்ட மாதிரி ஒரு கடுகடுப்பு வந்துவிடும்.

அந்தக் கடுகடுப்பு என்ன செய்யும் என்பதைப் போன வருடம் மதுரையில் பார்த்தோம். அக்காவுக்காக ஒரு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். காலையிலிருந்து அப்பாவுக்கு எங்கேயும் உட்கார இடம் அமையவில்லை. நாற்கர சாலையில் இருந்த உணவகத்தில் சுவருக்குச் சுவர் தடைப் பலகை. மாப்பிள்ளை வீட்டில் காபி கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சும்மா பேச்சுக்கு, “உங்க பக்கம் தண்ணியே கிடையாதாமே?” என்று கேட்டார். அவ்வளவுதான். “தண்ணி இல்லாமத்தான் நான் முப்பது வருசமா மோட்டார் விக்கேனா?” என்று அப்பா எழுந்துவிட்டார். டம்ளரில் பாதிக் காபி அப்படியே இருந்தது.

அக்கா அப்போது வருத்தப்படவில்லை. அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த வருடம் வந்தது வேறு. திருவனந்தபுரத்தில் அவளோடு வேலை பார்க்கிறவர். அவளே பார்த்து, அவளே முடிவு செய்து, எட்டு மாதம் பேசிப் பேசி வீட்டில் சம்மதம் வாங்கியிருந்தாள். அவர்கள் கடையம் பக்கத்துக்காரர்கள். இரண்டு தலைமுறைக்கு முன் மலைக்கு அந்தப் பக்கம் போனவர்கள். இனி எங்கள் வீட்டு ஆண்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, “சரி” என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் அக்கா என்னை மட்டும் போனில் அழைத்தாள்.

“ஏலே, கவனமாக் கேளு. அவங்க அப்பா நெஞ்சுச்சளி நோயில இறந்தவரு. சிகரெட்டுதான். அவங்க அம்மா ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தவங்க. அந்த வாடை பட்டாலே அவங்களுக்கு ஆகாது. அப்பா மேல வாடை வரக் கூடாது.”

“அப்ப குடிக்காம கூட்டிட்டு வந்துருதேன்.”

“குடிக்காம வந்தா மதுரை மாதிரி ஆயிரும்லா? குடிச்சிருக்கணும். வாடையும் வரக் கூடாது.”

“இது என்னக்கா நியாயம்?”

“உனக்குத்தான் எல்லாந் தெரியுமே, கண்டுபிடி. இது மட்டும் கெட்டுப்போச்சு, உங்கூட நான் பேசவே மாட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முழுதாக வரவில்லை. எட்டு மாதப் பேச்சும் அப்பாவுடைய ஒரு புகையில் வந்து தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் நான். நாள் முழுக்க அடுத்தவர்கள் எழுதிய கணினி நிரலில் பிழை தேடுகிறவன். இதுவும் அப்படி ஒரு தேடல்தான். கேரளத்தில் கெடுபிடி அதிகம். சாலையோரம் நின்று பற்றவைத்தாலும் யாராவது வந்து கேட்பார்கள். ஆனால் முப்பது பேருக்கு மேல் உட்காரக்கூடிய உணவகம் தனியாக ஒரு புகை அறை வைத்துக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது. அப்படி வைத்திருக்கிற இடங்களில் முக்கால்வாசி மதுக்கூடத்தோடு சேர்ந்தவை. அப்பா குடிப்பவரில்லை. “பாருக்குள்ள உக்காந்து பீடிதான் குடிச்சேன்னு சொன்னா எவன் நம்புவான்?” என்பார். ஆக மதுக்கூடங்கள் கழிந்தன. மொட்டைமாடிகள் கழிந்தன, மழைக்காலம். மிச்சத்தை மூக்கைப் பிடித்தவர்களின் வரிகளுக்குள் இரண்டு நாள் துழாவினேன்.

கிடைத்தது. நெடுமங்காட்டைத் தாண்டி நகரத்துக்குள் நுழைகிற சாலையில் ஒரு சைவ உணவகம். மாடியில் ஓரமாகத் தனி அறை, மேசை, நாற்காலி, புகைபோக்கி விசிறி. மாப்பிள்ளை வீடு அங்கிருந்து இருபது நிமிடம். போன் போட்டு எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன். “உண்டு, உண்டு” என்று இரண்டு முறை சொன்னார் மறுமுனையில் இருந்தவர். அந்த இரண்டாவது ‘உண்டு’வில் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வாடைக்கும் வழி வைத்திருந்தேன். அப்பாவும் மாமாவும் பழைய சட்டையில் வர வேண்டியது. புகைத்து முடித்ததும் கை, முகம், வாய் கழுவி, ஏலக்காய் மென்று, பையில் மடித்து வைத்திருக்கும் புதுச் சட்டைக்கு மாற வேண்டியது. இரண்டு பேருக்கும் இரண்டு சட்டை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருவேங்கடம் தாலுகா ஆபீசில் வேலை. அவரும் புகைப்பார், ஆனால் அத்தான் முன்னால் புகைக்க மாட்டார். அம்மாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் நின்று புகைப்பதும், அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் அப்பா பத்தடி முன்னாலேயே மூன்று முறை செருமிக்கொண்டு போவதும், அதற்குள் மாமா அணைத்துவிட்டு வானத்தில் மழை பார்ப்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும் என்பது மாமாவுக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டிலிருந்து எமகண்டம், அதற்குள் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டிவிட வேண்டும். காலை ஆறு மணிக்கு வண்டி எடுத்தேன். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்று அம்மா ஒரு கல்லைக் கழுவித் துடைத்து, நான்காவது ஆளாகப் பின்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“நல்லவேளை, இவன் குடிக்க மாட்டான்” என்றேன்.

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார் அப்பா.

சேர்ந்தமரம் வழியாகப் போய்க் கடையநல்லூரில் டீக்கு நிறுத்தினோம். டீ குடித்ததும் அப்பா கடைக்கு இடது பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் மாமா வலது பக்கம் போனார். நான் நடுவில் நின்று மூன்று டம்ளரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் இருவரும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

“அங்கன ஒரு மரம் நல்லாக் காய்ச்சிருக்கு அத்தான்” என்றார் மாமா.

“பாத்தேன், பாத்தேன்” என்றார் அப்பா, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்.

புளியரை தாண்டி மலை ஏறினோம். ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒன்பதரை மணிக்கெல்லாம் அப்பா கைவிரலால் முழங்காலில் தட்ட ஆரம்பித்தார். பத்து மணிக்கு, முன்னால் போன லாரிக்காரனைத் திட்டினார். நான் பதறவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் உணவகம் இவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். “இன்னும் முப்பது கிலோமீட்டர்ப்பா. மேசை, நாற்காலி, விசிறி எல்லாம் உண்டு. ராஜா மாதிரி உக்காந்து குடிக்கலாம்.” பின்சீட்டில் மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கும் விரல் தாளம் போட ஆரம்பித்திருந்தது, கல்லின் மேல்.

பத்தரைக்கு உணவகம் வந்தது. சாப்பிட்டோம். அப்பா நான்கு இட்லியை நான்கு வாயில் முடித்தார். மாடிக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் என் தேடலில் இருந்த ஓட்டை தெரிந்தது. அறை இருந்தது. மேசை இருந்தது, விசிறி ஓடியது. சுவர்தான் இல்லை. மூன்று பக்கமும் கண்ணாடி. வெளியே இருக்கிற மேசைகளிலெல்லாம் குடும்பங்கள். உள்ளே யார் புகைத்தாலும் கடை முழுவதும் பார்க்கலாம். அறை ஒன்றுதான், இடது பக்கமும் கிடையாது, வலது பக்கமும் கிடையாது.

அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மாமா இரண்டடி பின்னால் நின்றார்.

“மாப்ள, நீரு கீழ போய் வண்டில இரியும்” என்றார் அப்பா.

“சரி அத்தான்” என்று மாமா நகர்ந்தார்.

அப்பா உள்ளே போய் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவினார். சிகரெட் இருந்தது. தீப்பெட்டி இல்லை. பேண்ட் பையைத் தடவினார். அங்கேயும் இல்லை. கடையநல்லூரில் டீக்கடைத் திட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் கல்லாவில் கேட்டேன், கிடையாது. புகை அறை வைத்திருக்கிற கடையில் நெருப்பு வைத்திருக்கவில்லை. பக்கத்துக் கடைக்கு ஓடினேன், அங்கே சோப்பும் சீப்பும்தான் விற்றார்கள். திரும்பி வந்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. அப்பா அதே இடத்தில் பற்றவைக்காத சிகரெட்டை விரலில் வைத்துக்கொண்டு, வெளியே இட்லி தின்கிற ஒரு குடும்பத்தை விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையில் எழுந்தபோது இருந்த அதே முகம்.

நான் கீழே போய் மாமாவைக் கூட்டி வந்தேன். “தீப்பெட்டி வேணும் மாமா.”

“எங்கிட்ட ஏதுடே தீப்பெட்டி?” என்றார் மாமா, பழக்கதோஷத்தில்.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அப்பா உள்ளே இருந்து கேட்டுவிட்டார்.

“வே மாப்ள.”

“அத்தான்.”

“உம்ம சட்டப்பைல சதுரமாத் துருத்திக்கிட்டு இருக்கே, அது என்னது?”

மாமா குனிந்து தன் சட்டைப்பையை, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரிப் பார்த்தார்.

“இது… ஆபீஸ்ல கரண்டு போயிரும் அத்தான்.”

“கரண்டு போனா பீடி பத்தவச்சா வெளிச்சம் வருமோ? உள்ள வாரும். இருபத்தாறு வருசமா செருமிச் செருமி எனக்குத் தொண்டையே போச்சு. எமகண்டம் வந்துரும், வாரும்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன். அவர் உள்ளே போனார். அப்பா ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், திருநீறு வாங்குவது போல. பிறகு அவர் தீக்குச்சியைக் கிழித்து முதலில் அத்தானுக்குப் பற்றவைத்தார். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஒரு மேசையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள் சத்தமில்லாமல் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தேன். பத்தாகியது. இரண்டாவது சிகரெட் எடுத்தார்கள். பதினொன்று பத்து. அக்காவிடமிருந்து ‘எங்க இருக்கீங்க’ என்று செய்தி. கண்ணாடியைத் தட்டினேன், திரும்பவில்லை. கையை ஆட்டினேன். வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

அப்பா பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததற்காக அவர் நிறுத்தவில்லை.

“பயமா இருக்கு மாப்ள. மதுரைல நான்தான் கெடுத்தேன். அவ ஒண்ணும் சொல்லல. இங்கயும் என் வாயி ஏதாவது செஞ்சிருச்சுன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீரே பேசிரும். நான் சும்மா தலைய ஆட்டுதேன்.”

“நான் பேசினா ஆபீஸ் பேச்சாப் போயிரும் அத்தான். நீங்கதான் பேசணும். பிள்ள உங்களத்தான் எதிர்பாப்பா. நான் பக்கத்துலதான இருக்கேன். ஏதாவதுன்னா ஒரு செருமல் செருமுதேன்.”

அப்பா சிரித்தார். இருமலோடு சேர்ந்த சிரிப்பு. எனக்கு வாட்சைக் காட்டத் தோன்றவில்லை. அந்தப் பேச்சு முடியட்டும் என்று நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். விசிறி பேருக்குத்தான் ஓடியது. மேகத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம் திட்டப்படிதான். கழுவினார்கள், கொப்பளித்தார்கள், ஏலக்காய் மென்றார்கள், புதுச் சட்டை மாற்றினார்கள். இரண்டு பேரும் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்கள் மாதிரி மணத்தார்கள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனோம்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கே வந்து கூப்பிட்டார். மெலிந்த உடம்பு, வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை. உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்தார். எனக்குத் தம்ளரை நீட்டியபோது அவர் கை அப்படியே நின்றது. நாசி ஒருமுறை விரிந்தது.

“யாரு சிகரெட் வலிச்சது?”

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். அப்பாவின் கை முழங்காலில் அசையாமல் இருந்தது. மாமா செருமவும் மறந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருக்கு இரண்டு சட்டை. புகைக்காதவனுக்கு எதற்கென்று நான் மாற்றுச் சட்டையே எடுத்து வரவில்லை. கால் மணி நேரம் அந்த மேகத்துக்குள் உட்கார்ந்த நல்ல சட்டையோடு வந்திருப்பவன் நான் ஒருவன்தான்.

“நான்தான்” என்றேன்.

அப்பா முன்னால் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்வேன் என்று நான் கனவிலும் நினைத்தது கிடையாது. அப்பாவின் தலை என் பக்கம் திரும்பிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும்.

“இங்க வா மக்களே” என்று அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார். “கையக் காட்டு” என்றார். வலது கையை நீட்டினேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிரித்து, புரட்டி, நகம்வரைக்கும் பார்த்தார். முப்பது வருடம் நாடி பிடித்த கை. பிறகு கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே அப்பா தண்ணீர்த் தம்ளரைப் பிடித்திருந்தார். விரல் நுனியின் மஞ்சளை எந்தச் சோப்பும் எடுக்காது.

“அப்பாக்காகச் சொன்னியா, அக்காக்காகச் சொன்னியா?” என்று மெல்லக் கேட்டார்.

பொய்யைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. “ரெண்டு பேருக்காகவும்” என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. “எங்க வீட்டுல அவரு கடைசி வரைக்கும் மாடில நின்னுதான் வலிப்பாரு. பிள்ளைக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரு. இந்த வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்னு உங்க அப்பாட்ட நீ சொல்லு. நான் சொன்னா நல்லாருக்காது.” கையை விட்டுவிட்டு, “நல்ல வீடுதான் உங்க வீடு. பொய் சொல்லவும் ஆளு வச்சிருக்கீங்க” என்று சிரித்துக்கொண்டே பாயசக் கிண்ணங்களை எடுத்து என் கையில் கொடுத்தார். “கொண்டு போ. இனிப்புக் குடுத்தாச்சுன்னா பேச்சு முடிஞ்ச மாதிரிதான்.”

கூடத்தில் அப்பா நன்றாகவே பேசினார். அவசரப்படாமல் பேசினார். மாமா ஒருமுறைகூடச் செரும வேண்டியிருக்கவில்லை. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். “வாடை வந்துச்சா?” என்றாள் முதலில். “வந்துச்சு, என்மேல” என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் ஆவணி என்று சொன்னதும் விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

திரும்பும்போது குளத்துப்புழையில் அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

“எத்தன நாளா?”

“என்னதுப்பா?”

“சிகரெட்டு.”

“ஐயோ, நான் குடிக்க மாட்டேம்ப்பா. அது சும்மா அங்க சொன்னது.”

“அவ்வளவு பேர் இருக்கையில ‘நான்தான்’னு தெளிவாச் சொன்னியேடே. குடிக்காதவன் வாயில அவ்வளவு சுளுவா வருமா?”

“உள்ள உங்ககூட உக்காந்திருந்தேம்லா, அந்த வாடைதான்.”

“ரெண்டு பேரு குடிக்கிற ரூம்ல குடிக்காதவன் கால் மணி நேரம் எதுக்கு உக்காரணும்?”

பின்சீட்டில் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. அந்த அம்மா விரலைப் பார்த்த கதையைச் சொல்லலாம். சொன்னால் அப்பா தன் விரலைப் பார்ப்பார். அந்த வீட்டுக்குள் புகைக்க வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டதைச் சொல்ல நிச்சயத்துக்குள் ஒரு நல்ல வேளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தென்மலையில் ஒரு கடையில் டீக்கு நிறுத்தினோம். அப்பா குடித்துவிட்டுச் சட்டைப்பையில் கை வைத்தார். கடைக்குப் பக்கவாட்டில் உட்கார நல்ல கல்திண்டு ஒன்று இருந்தது, ஆளும் இல்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நீரு போய் ஒண்ணு குடிச்சுட்டு வாரும் மாப்ள” என்றார் மாமாவிடம். “இவன வச்சுக்கிட்டு எனக்கு வேண்டாம். கெட்டுப் போயிருவான்.”

ஊர் வந்து சேரும்வரை அவர் பற்றவைக்கவில்லை. கடுகடுக்கவும் இல்லை. இப்போதெல்லாம் கடைக்குப் பின்னால் சந்துப் பக்கம் நான் போக வேண்டியிருந்தால், பத்தடி முன்னாலேயே மூன்று முறை செருமிக்கொண்டு போகிறேன்.